சிலிண்டருக்கு வைத்த சந்தனம்

தீயணைப்பு சிலிண்டருக்குச் சந்தனம் வைத்தவர்கள் இந்த உலகத்தில் பலர் இருக்கலாம். அதன் வாய்க்குள் வைத்தவன் நான் ஒருவன்தான். ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. (புத்தி வந்திருக்க வேண்டிய வயது. வழியில் எங்கோ பஞ்சர் போலிருக்கிறது.) பெரம்பலூரில் எங்கள் தெருவிலேயே முதல் ஆளாக மின்சார ஸ்கூட்டர் வாங்கினேன். சத்தமே கிடையாது. பூனை மாதிரி வரும், நிலா மாதிரி நகரும் என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அடுத்த மாதமே, சும்மா நின்றுகொண்டிருந்த ஸ்கூட்டர் தானாகப் பற்றி எரியும் வீடியோ ஒன்று போனில் வந்தது. அன்றோடு நிலாவை விட்டுவிட்டு நெருப்பைப் பிடித்துக்கொண்டேன்.

அரியலூருக்குப் போய்ச் செக்கச் சிவப்பாக ஒரு சிலிண்டர் வாங்கிவந்தேன். உள்ளே பவுடர். கைப்பிடியில் ஒரு பின். பின்னைப் பிடுங்கி, குழாயை நீட்டி, அழுத்தினால் போதும் என்றார் கடைக்காரர். அதன் பிறகு நான் போன வீடுகளில் எல்லாம் காபிக்கு முன்னால் பிரசங்கம் வந்துவிடும். ஓட்டிவந்த சூட்டோடு சார்ஜ் போடாதே. அந்த வண்டிக்கு வந்த சார்ஜரைத் தவிர வேறெதையும் செருகாதே. பற்றக்கூடிய எதன் பக்கத்திலும் நிறுத்தாதே.

என் மனைவி செல்வி ஒருநாள் சொன்னாள்: "நீங்க பேசுறதக் கேட்டா பேட்டரியே பயந்துபோயி வெடிச்சிரும்ங்க."

அந்த வருட ஆயுத பூஜைக்கு, அரும்பாவூர் பக்கம் செல்வியின் அண்ணன் வீட்டுக்குப் போனோம். மச்சான் சின்ன வெங்காயம் போடுகிறவர். வீட்டுக்குப் பின்னால் பட்டறை: கல்லின் மேல் மூங்கில் படல் கட்டி, கீற்று வேய்ந்து, காற்றுப் புகும்படி வெங்காயத்தைக் காத்துவைக்கும் நீளக் கொட்டகை. உள்ளே அந்த வருடத்து விதை வெங்காயம் முழுவதும் இருந்தது. பத்து நாளில் நடவு. தீப்பட்டால் அந்த வருடம் போச்சு. தண்ணீர் பட்டாலும் அழுகிப் போச்சு.

வெயிலில் ஓட்டிவந்த வண்டி கொதித்தது. நிழல் தேடினேன். பட்டறையின் நிழல் குளுகுளுவென்று விழுந்து கிடந்தது. அங்கேயே நிறுத்தினேன். சார்ஜரைப் பெரம்பலூரிலேயே மறந்திருந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் வேறு கம்பெனி வண்டி ஒன்று இருந்தது. அதன் சார்ஜரை இரவல் வாங்கிச் செருகினேன். பொருந்தியது. ஊருக்குச் சொன்ன மூன்று கட்டளைகளையும் பத்தே நிமிடத்தில் மீறியிருந்தேன். ஒன்றுகூட உறைக்கவில்லை.

மண்வெட்டி, களைக்கொத்து, மருந்தடிக்கும் ஸ்பிரேயர் எல்லாம் வாசலில் வரிசையாக நின்றன. நடுநாயகமாக, சார்ஜரை மறந்தாலும் மறக்காமல் கொண்டுவந்திருந்த என் சிலிண்டர். உடம்பெல்லாம் பொட்டு வைத்த பிறகும் குழாயின் வாய் மட்டும் வெறுமையாக இருந்தது. மனசு கேட்கவில்லை. கெட்டியாக ஒரு சந்தன உருண்டையை அப்பினேன். பின்னோடு சேர்த்து மஞ்சள் கயிறும் கட்டினேன்.

"ஏன் மாப்ள, மூணு முடிச்சு போடுறீங்க? தாலியா?" என்றார் மச்சான்.

"சாமி காரியம் மச்சான். அவுந்துரக் கூடாது."

மச்சானின் மனைவி ராசாத்தி அக்கா, சுருட்டிக் கிடந்த ஹோஸ் பைப்புக்கு ஒரு பொட்டு வைத்தார்.

"அதெல்லாம் ஆயுதமாக்கா?" என்று சிரித்தேன்.

"தண்ணி பாச்சுறது அதானே தம்பி."

பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் தின்று, கதை பேசிக்கொண்டிருந்தோம். சந்தனம் நன்றாகக் காய்ந்திருந்தது. அப்போதுதான் பின்பக்கம் ஒரு சீறல். ஓடிப்போய்ப் பார்த்தால், சீட்டுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை. பிறகு சீனிவெடிச் சரம் மாதிரி படபடவென்று. பிறகு நெருப்பு.

நான் அதுவரை பார்த்த நெருப்பெல்லாம் மேலே போகும். இது பக்கவாட்டில் பாய்ந்தது, துருத்தி வைத்து யாரோ உள்ளிருந்து ஊதுவது போல. தன் விறகைத் தானே சுமந்து வந்த நெருப்பு. இத்தனை நாள் இதன் மேலேயா உட்கார்ந்து போனேன்! வாயைப் பிளந்து நின்றேன். பயம் பிறகுதான் வந்தது.

"பட்டறை! பட்டறை!" என்று மச்சான் கத்தினார்.

சிலிண்டரைத் தூக்கினேன். பின் வரவில்லை. மூன்று முடிச்சும் சாமி காரியத்துக்கே உரிய உறுதியோடு இருந்தன. பல்லால் கடித்துப் பிடுங்கினேன். அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் அழுத்தினேன். 'டப்'பென்று சந்தன உருண்டை பறந்துபோய் மச்சானின் நெற்றியில் அடித்தது. பின்னாலேயே பவுடர். அரியலூர் சிமெண்டு லாரி கவிழ்ந்த மாதிரி எல்லாமே வெள்ளை. வெள்ளைக்குள் நெருப்பு அடங்கியது.

"பாத்தீங்களா!" என்று திரும்பினேன்.

திரும்பிய என் முதுகுக்குப் பின்னால் அது மறுபடி எழுந்தது. மீண்டும் அழுத்தினேன். படுத்தது, எழுந்தது. அதற்குள் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. கீற்றின் ஓரம் கருக ஆரம்பித்தது.

அக்கா சார்ஜர் ஒயரைப் பிளக்கோடு பிடுங்கினார், மோட்டாரைப் போட்டார், பைப்போடு வந்தார். நான் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றேன்.

"தண்ணி ஊத்தக் கூடாதுக்கா! கரண்டு! வெங்காயம்!"

"கரண்டப் புடுங்கியாச்சு. நனைஞ்சத ஒலத்திக்கலாம், வெந்தத ஒலத்த முடியுமா? தள்ளு தம்பி!"

நான் தள்ளவில்லை. தண்ணீர் தள்ளியது.

முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, காற்று முதுகில் படும்படி தள்ளி நின்று, முதலில் கீற்றின் அந்த ஓரத்தை நனைத்தார். பிறகு வண்டியின் வயிற்றைக் குறிவைத்தார். நெருப்பு சீறியது, அவர் நகரவில்லை. அணைந்த பிறகும் நிறுத்தவில்லை. நாற்றுக்குத் தண்ணீர் விடுகிறவர் மாதிரி, அவசரமே இல்லாமல், விட்டுக்கொண்டே இருந்தார். அந்த நெருப்பைவிடப் பெரிதாக எனக்கு அவர் தெரிந்தார்.

தீயணைப்பு வண்டி வந்தபோதும் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "யாரு தண்ணி விட்டது?" என்று கேட்டார் அதிகாரி. திட்டு விழப்போகிறது என்று நான் அக்காவைக் காட்டினேன். (ஆம், காட்டினேன்.)

"நல்ல வேலை செஞ்சீங்கம்மா. பவுடரு தீயத்தான் அமுக்கும், உள்ள இருக்குற சூட்ட அமுக்காது. அதுக்குத் தண்ணி, நெறைய தண்ணி வேணும். திரும்பவும் பத்தும், இத வெட்டவெளிக்கு இழுத்துப் போட்டுடுறோம். ஒருநாள் யாரும் கிட்டப் போவாதீங்க." பிறகு கீழே கிடந்த சிலிண்டரைப் புரட்டிப் பார்த்தார். "இது வாயில என்ன சார், மஞ்சளா?"

நான் வானத்தைப் பார்த்தேன். மச்சான் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

நனைந்த ஓரத்து வெங்காயத்தை நிழலில் பரப்பி, புரட்டிப் புரட்டி உலர்த்தினோம். கொஞ்சம் அழுகியது. மிச்சத்தை நடவின் முதல் நாளே தனியாக ஒரு பாத்தியில் நட்டார்கள். அந்தப் பாத்திக்கு இன்றைக்கும் 'மாப்ள பாத்தி' என்றுதான் பெயர்.

இப்போதும் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அங்கேதான் போகிறோம். புது ஸ்கூட்டர் சூடு ஆறும்வரை களத்து நடுவில் தனியாக நிற்கும், தள்ளிவைத்த மருமகன் மாதிரி. முதல் பொட்டு ஹோஸ் பைப்புக்கு. சிலிண்டருக்கு வயிற்றில் மட்டும் ஒன்று. நான் பேட்டரியைப் பற்றி ஏதாவது சொல்ல ஆரம்பிப்பேன். உடனே அக்கா கிண்ணத்து மிச்சச் சந்தனத்தை என்னிடம் நீட்டுவார்.

"இந்தாங்க தம்பி, வாயில அப்பிக்குங்க. நல்லா அடைக்கும்."