ஈரல் காக்காவின் பச்சைச் சாறு

கல்முனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் வாழ்ந்த மனிதர்களின் ஈரல்கள் அத்தனைக்கும் ஒரேயொரு காவல்காரர்தான் இருந்தார். ஈரலுக்குச் சொந்தக்காரர்களிடம் அவர் ஒருநாளும் சம்மதம் கேட்டதில்லை. அவருக்கு உம்மா வாப்பா வைத்த பெயர் என்னவென்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன்; எல்லாருக்கும் அவர் ஈரல் காக்கா.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள் வெளியூர்க்காரர் ஒருவர், பெயரை மட்டும் கேள்விப்பட்டு, இவர் மாட்டு ஈரல் விற்கிறவர் என்று நினைத்து இரண்டு கிலோ கேட்டுவிட்டார். காக்கா கோபிக்கவில்லை. அந்த மனிதரின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"உங்கட ஈரலே சரியில்ல தம்பி. மாட்டுட ஈரல மறுகா பாப்பம்" என்று சொல்லி, ஒரு சிரட்டை பச்சைச் சாறைக் குடிக்கவைத்துத்தான் அனுப்பினார்.

கல்முனையில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை என்னுடையது. காக்கா அந்த மருந்தை வாங்கிப்போய் அடுத்தவர்களின் வயலுக்குக் கூலிக்கு அடிக்கிறவர். முதுகில் டாங்கியைச் சுமந்துகொண்டு வயல் வட்டைக்குள் இறங்கினாரென்றால், ஒரு பக்கத்து வயல்வெளி முழுவதையும் முடித்துவிட்டுத்தான் கரையேறுவார். ஆனால் இறங்குவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. வரம்பில் முளைத்திருக்கும் கீழ்க்காய்நெல்லியையும் மூக்கிரட்டையையும் கைநிறையப் பிடுங்குவார். முன்னது ஈரலுக்கு, பின்னது கிட்னிக்கு. கல்லில் வைத்து நசித்து, சாறு எடுத்து, பிஸ்மி சொல்லி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சேட்டைக் கழற்றி மரத்தில் தொங்கவிடுவார். அதன்பிறகு அவருக்கு நஞ்சும் பன்னீரும் ஒன்றுதான்.

மருந்து வாங்குகிறவர்களுக்கு நான் முகமூடி சும்மாவே கொடுப்பேன். காக்காவும் மறுக்காமல் வாங்கிக்கொள்வார். மனிதர் திருந்திவிட்டார் என்று நானும் சந்தோசப்பட்டேன். ஒருநாள் வட்டைப் பக்கம் போய்ப் பார்த்தால், அந்த முகமூடியில் சாறு வடிகட்டிக்கொண்டிருக்கிறார்.

"காக்கா, அது மூக்குக்குப் போடுற சாமான்."

"மூக்குக்கு எதுக்கு மனெ? உள்ளுக்குக் காவல் போட்டாச்சி. கள்ளன் வாசலால வந்தா என்ன, கூரையால வந்தா என்ன?"

முகமூடி சாறுக்கு நல்ல வடி என்று வேறு ஒரு சான்றிதழ் கொடுத்தார்.

தனக்கு மட்டும் காவல் போட்டுக்கொண்டு சும்மா இருந்திருந்தால் ஊர் அவரை மறந்திருக்கும். ஆனால் விடிய சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு எல்லாருடைய போனுக்கும் வட்சப்பில் அவருடைய குரல் வந்துவிடும். "அஸ்ஸலாமு அலைக்கும். இண்டைக்கி எல்லாரும் ஈரலை நினைச்சிப் பாருங்க" என்று தொடங்கி, தேத்தண்ணி ஆறும்வரைக்கும் முடியாது. ஒரு நோன்பு காலத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்கிடாரத்தில் ஒரு வாளி சாறை யாருக்கும் தெரியாமல் ஊற்றிவிட்டார். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும், பகல் முழுவதும் பட்டினி கிடந்த ஜமாஅத் ஒரே நேரத்தில் முதல் மிடறைக் குடித்தது. அந்த அமைதியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பள்ளித் தலைவர் மட்டும் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "காக்கா, நாங்க நோன்புதான் துறக்க வந்த. உசிரத் துறக்க இல்ல" என்றார்.

அதற்குப்பிறகு காக்கா ஒரு வீதியால் வந்தால் ஆட்கள் மற்ற வீதியால் போனார்கள். சலூனில் பாதி முகம் வழித்தவர் துண்டோடு எழும்பி ஓடிய கதையும் உண்டு. அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம், ஆனால் கேட்டவர் எவரும் சந்தேகப்படவில்லை.

இப்படிப்பட்டவருக்கு அன்சார் மருமகனாக வந்தான். கலியாணத்தன்று மாப்பிள்ளை பெண் வீட்டுக்குள் வந்ததும் பால் கொடுப்பது எங்கள் வழக்கம். காக்கா பால் கிளாசைத் தள்ளிவைத்துவிட்டு, சபை நடுவில் பச்சைச் சாறை நீட்டினார். மாப்பிள்ளையின் ஆட்கள் முகத்தைச் சுளித்தார்கள். பெண்ணின் உம்மா தலையில் கையை வைத்தார். அன்சார் இரண்டு கையாலும் வாங்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து, வாயைக்கூடத் துடைக்காமல் கிளாசைத் திருப்பிக் கொடுத்தான். காக்காவின் கண் கலங்கிவிட்டது. ஊரில் ஒரு மனிதன் அவர் கொடுத்ததை முழுதாகக் குடித்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். அன்சாரும் அந்த வீட்டிலேயே இருந்து, மாமனாரோடு சேர்ந்து மருந்தடிக்கப் போனான். வரம்பில் இரண்டு சிரட்டை வைத்து இருவரும் குடிப்பார்கள். அவனும் சேட்டைக் கழற்றி அதே மரத்தில் தொங்கவிடுவான்.

போன பெரும்போக வேளாண்மையில் அன்சாரின் கால் வீங்கத் தொடங்கியது. சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. முகம் ஊதி, சலம் போவது குறைந்த பிறகுதான் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு கிட்னியும் சரியாக வேலை செய்யவில்லை, இப்படியே போனால் மெசினில் போட்டுத்தான் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும் என்றார்கள். மகள் கைக்குழந்தையோடு வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். வெளியில் ஒன்றும் குடிக்கக் கொடுக்கவேண்டாம் என்று கட்டாயமாகச் சொல்லியிருந்தும், காக்கா கோப்பி என்று சொல்லி ஒரு பிளாஸ்கை உள்ளே கொண்டுபோனார். நான் பார்க்கப் போன அன்றைக்கு அது பிடிபட்டது. பக்கத்துக் கட்டில்காரர் கோப்பி என்று நம்பி ஒரு வாய் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போட்ட சத்தத்தில்தான் பிடிபட்டது.

டொக்டர் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைதான். ஏசவில்லை. மூடியில் கொஞ்சம் ஊற்றி மணந்து பார்த்தார்.

"என்ன வாப்பா இது?"

"கீழ்க்காய்நெல்லி மகள். நல்ல சாமான். வைத்தியக் கிதாபிலயும் இரிக்கி."

"ஓம், மூலிகையோட எனக்கு வழக்கில்ல. எங்க புடுங்கின?"

"வட்டையிலதான். வரம்பில நல்லாச் செழிச்சிக் கிடக்கும்."

"வயலுக்கு மருந்தடிக்கக்குள்ள காத்துக்கு வரம்பிலயும் விழும்தானே?"

"விழும்."

"ஆரு அடிக்கிற?"

காக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிளாஸ்கைப் பார்த்தார், பிறகு கட்டிலில் கிடந்த அன்சாரைப் பார்த்தார். "நான்தான்" என்று அவர் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இதாலதான் வந்தெண்டு நான் சொல்ல மாட்டன் வாப்பா. மூக்காலயும் தோலாலயும் போனதுதான் கூட. ஆனா இதும் உள்ளுக்குப் போயிரிக்கி. இனி வேணாம்" என்று டொக்டர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மருந்து விற்ற எனக்கோ, அடித்த அவருக்கோ, அடிக்கச் சொன்ன வயல்காரப் போடியார்மாருக்கோ அதுவரை இது தோன்றவேயில்லை. எனக்கு அந்த வார்டில் நிற்கவே வெட்கமாக இருந்தது.

அன்சாருக்கு மெசின் தேவைப்படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மெல்ல மெல்லத் தேறினான். ஆனால் இனி வயலுக்கு மருந்தடிக்கவே கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும், கிளினிக்கை விடக்கூடாது என்று அனுப்பினார்கள்.

காக்காவைப் பிடித்த வினை அதற்குப்பிறகுதான் தொடங்கியது. தன் கையால் சாறு குடித்த ஒவ்வொருவரிடமும் மாப்புக் கேட்டாக வேண்டும் என்று புறப்பட்டார். ஆனால் அவரைக் கண்டதும் ஊர் பழக்கதோசத்தில் ஓடியது. பஸ் ஹோல்டில் நின்ற ஒருவரைக் காக்கா மாப்புக் கேட்கத் துரத்த, அந்த மனிதர் கண்ட பஸ்ஸில் ஏறி அக்கரைப்பற்று வரைக்கும் தேவையில்லாமல் போய்வந்தார். பிடிபட்டவர்கள் சொன்ன பதில் எல்லாம் ஒன்றுதான்.

"மாப்பு எதுக்கு காக்கா? நாங்க எங்க குடிச்ச? நீங்க அங்கால திரும்பினதும் ஊத்திப்போட்டம்."

வாழைக்கு ஊற்றியவர்கள், சாக்கடைக் கானுக்குள் ஊற்றியவர்கள், பூனைக்கு வைத்துப் பூனையும் குடிக்காமல் விட்டவர்கள். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல அவருக்கு முகம் தெளிந்தது. "ஊத்தினியா? நல்ல வேலை செஞ்சாய் மனெ" என்று துஆச் செய்தார். பிறகு என் கடை வாங்கில் வந்து உட்கார்ந்தார்.

"ஊரெல்லாம் ஊத்திப்போட்டிரிக்கானுகள்" என்றார். "அவன் மட்டும்தான் குடிச்சிரிக்கான்."

மற்ற எல்லாரிடமும் மாப்புக் கேட்டவரால் ஒரே வீட்டு வளவுக்குள் இருந்த அன்சாரிடம் கேட்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தைக்கூட மாற்றிக்கொண்டு ஒளித்துத் திரிந்தார். நான்தான் ஒரு பின்னேரம் அவரை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்சார் முற்றத்துக் கதிரையில் இருந்தான். காக்கா அவனுக்கு முன்னால் நின்று, நிலத்தைப் பார்த்துக்கொண்டே, "மாப்புத் தா மகன்" என்றார்.

அன்சார் எழும்பப் பார்த்தான், கால் விடவில்லை.

"என்ன மாமா இது. அது கசப்பெண்டு எனக்குத் தெரியாதா? எங்கட வாப்பா நான் சின்னப் புள்ளையிலயே மௌத்து. குடிச்சியா, திண்டியா எண்டு என்னை ஒருத்தரும் கேட்டதில்ல. நீங்கதான் கேட்ட. அதான் குடிச்ச."

காக்கா வீட்டுக்குள் போய் ஒரு கிளாஸ் வெறும் தண்ணீர் கொண்டுவந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முதலில் தானே ஒரு மிடறு குடித்து, கொஞ்ச நேரம் பொறுத்து, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் அதை மருமகனின் கையில் கொடுத்தார். இந்த மனிதர் மேல் உயிரை வைக்காமல் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.