மூணு ராஜா வாத்தியார்

ஒரே ராஜாவை ஒரே வாரத்தில் சாப்பிடவைத்து, ஓடவைத்து, சாகவும் வைத்த மனுஷர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் உண்டு. அவரோடு திருத்தணியில் ஒரே பள்ளிக்கூடத்தில் குப்பை கொட்டியவன் நான். இப்போது நினைத்தாலும் உடம்பு அசந்துபோகிறது.

ஊரில் அவருக்குப் பெயர் 'மூணு ராஜா'. யுத்த காலம், பாடப் புத்தகமே சரியாகக் கிடைக்காது. அந்த நாளில் இவர் பிள்ளைகளுக்குச் சரித்திரக் கதை எழுதினார். அதுவும் ஒவ்வொரு கதையையும் மூன்று விதமாக. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு 'அடிவாரம்', தட்டுத்தடுமாறிப் படிக்கிற பிள்ளைக்கு 'பாதி மலை', கடகடவென்று படிக்கிற பிள்ளைக்கு 'உச்சி'. எழுதுவது அவர். பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் அத்தனையையும் பிரதி எடுப்பது நான். என் கையெழுத்து அழகாக இருந்து தொலைத்தது.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நான் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்த தற்காலிக வாத்தியார். திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லா; அங்கிருந்து இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த நிலைமையில் பெரிய வாத்தியார் ஒருவரைப் பகைத்துக்கொள்ள எனக்கு என்ன பைத்தியமா?

எழுதுவதாவது உட்கார்ந்து எழுதுவாரா என்றால், அதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து கதவைத் தட்டுவார்.

"கெளம்புங்க சார். வாக்கியம் அளக்கணும்."

மலைப் படியில் ஏறிக்கொண்டே ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு படிக்குள் முடிந்தால் அது அடிவாரம். ஐந்து படி என்றால் பாதி மலை. பத்துப் படிக்கு மூச்சு விடாமல் இழுத்தால் உச்சி. சொல்லிக்கொண்டு ஏறுவது யார்? நான்தான். 'குதிரைகளின் குளம்பொலி கேட்டுக் கோட்டைக் கதவுகளை அவசரமாக அடைக்கச் சொன்ன மன்னன்' என்று பாதி சொல்வதற்குள் எனக்கு நாக்கு வெளியே தள்ளிவிடும்.

"இது புள்ளைங்களுக்கு ஆவாது சார். சுருக்கிப்புடலாம்" என்று கீழ்ப்படியில் நின்றுகொண்டு சாவகாசமாகச் சொல்வார்.

ஒரு நாள் நெசவுக்காரர் ஒருவர் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து கத்தினார். அவருடைய மூன்று பிள்ளைகளும் எங்களிடம்தான் படித்தார்கள்.

"இன்னா சார் இது அநியாயம்? பெரியவன் ராஜா செத்துட்டான்றான். நடுவுலவன் ஓடிட்டான்றான். சின்னது, ராஜா சாப்ட்டு தூங்கினாருன்னுது. ஊட்ல ஒரே அடிதடி. தறில இருந்த பாவு நூலையே அறுத்துப்புட்டாங்க. மெய்யா இன்னாதான் ஆச்சு அந்த ஆளுக்கு?"

"மூணும் மெய்தான் நைனா. சின்னதுக்கு சோறு வரிக்கும் சொன்னேன். பெரியவனுக்கு அப்பால நடந்ததயும் சொன்னேன். பொய் ஒண்ணும் இல்ல. வயசு ஏற ஏற மிச்சத்த சொல்றேன், அவ்வளவுதான்" என்றார் மூணு ராஜா.

நெசவுக்காரர் கிட்டே வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் படிக்க வராது. அந்தச் சின்னது படிக்கிறத ஒண்ணு குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனார். எனக்கு ஒரு பிரதி கூடுதல் வேலை.

கடைசியில் இன்ஸ்பெக்டர் வருகிற நாளும் குறித்தாகிவிட்டது. புதுக் கதை ஒன்று, முப்பது பிரதி. அடிவாரத்துக்கு வந்தபோது விரல் மரத்துப்போயிருந்தது. அவர் 'விருந்து' என்று பக்கம் முழுக்க எழுதியிருந்தார். எனக்கு அலுப்புத் தட்டியது. 'பந்தி' என்று போட்டால் ஓர் எழுத்து மிச்சம். அர்த்தம் என்ன குடிமுழுகிப் போகப்போகிறது என்று எல்லாவற்றிலும் மாற்றிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஒரு சின்னப் பெண்ணை எழுப்பிப் படிக்கச் சொன்னார். கணீரென்று படித்தாள்.

"ராஜா பந்தியில் உட்கார்ந்தார். பெரிய பந்தி. நல்ல பந்தி. பந்தி நீளமாக இருந்தது. ராணியும் பந்தியில் உட்கார்ந்தாள்."

வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். தெலுங்கில் பந்தி என்றால் பன்றியாம்! தெற்கத்திக்காரன் எனக்கு எங்கே தெரியும்? இன்ஸ்பெக்டரோ சுத்தத் தெலுங்குக்காரர். முகம் சிவந்துவிட்டது.

"இதி எவரு ராசாரு?" யார் எழுதியது என்று கேட்கிறார்.

வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

மூணு ராஜா எழுந்தார். "கையெழுத்து இவர்துங்க. வார்த்தை என்துங்க. தப்பு நடந்துபோச்சு, மன்னிக்கணும்."

"ராஜாவைப் பன்றிமேல் ஏற்றுவதுதான் சரித்திரமா? இனிமேல் இந்தப் பள்ளிக்கூடத்தில் பாடப் புத்தகத்தைத் தவிர ஒரு தாள் இருக்கக்கூடாது" என்று இன்ஸ்பெக்டர் தீர்த்துச் சொல்லிவிட்டார். கட்டுக்கட்டாக அத்தனை ராஜாக்களையும் அலமாரியில் போட்டுப் பூட்டினார்கள். போகும்போது என் பக்கம் திரும்பி, "கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது" என்று மெச்சி, என் காகிதத்தில் கையெழுத்தும் போட்டார்.

சாயங்காலம் மூணு ராஜா வீட்டுக்கு ஓடினேன். "சார், நீங்கள் எழுதியது விருந்து. நான்தான்..."

"தெரியும் சார். இந்த ஊர்ல பொறந்தவன் அந்த வார்த்தய கதையில போடுவானா?"

"பின்னே ஏன் சார் உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள்?"

"நான் பர்மனெண்ட்டு. என்னிய இன்னா பண்ணிடுவாங்க? உங்களுக்கு இப்பதான கல்யாணம் பேசிகினு இருக்காங்க. காபி சாப்புடுங்க."

அந்த வீட்டுக் கூடத்தில், கையில் டம்ளரோடு, வெட்கமில்லாமல் அழுதேன். அதற்கப்புறம் அவர் எந்த ராஜாவையும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் என் கதவைத் தட்டவில்லை. நன்றாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். ஒரு ஞாயிறுகூடத் தூக்கம் பிடிக்கவில்லை.

நானும் பர்மனெண்டாகி, பிள்ளை குட்டி பெற்று, ரிடையராகி உட்கார்ந்துவிட்டேன். அவர் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. நான் அலுத்துக்கொள்வதற்காகவாவது அந்த மனுஷர் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்.