கேட்டாப்பல சார் போட்ட மெட்டு

காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு இசையமைத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் கேட்டாப்பல சார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிங்காநல்லூரில் ஒரு நூல் மில் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். அவர் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். அவருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்ததாகக் கேள்வி. அவர் மனைவிக்காவது அது ஞாபகம் இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மில்லின் ஆண்டு விழாவில் வருசா வருசம் ஒரு பழங்காலச் செய்யுள் நாடகம் போடுவோம். ராஜா கோபப்பட்டாலும் பாட்டு, ராணி அழுதாலும் பாட்டு. மெட்டுப் போடுவது சார். அவரிடம் ஒரு ஹார்மோனியம் இருந்தது. ஹார்மோனியத்தைவிடப் பெரிதாக ஒரு பயம் இருந்தது. தன் மெட்டு ஏற்கெனவே வேறு யாராவது போட்டதாக இருந்துவிட்டால்?

"யோசிச்சுப் பாருங்க அம்மணி," என்பார் என்னிடம். "இந்தச் செய்யுளுக்கு எத்தனை நூறு வருசமா எத்தனை பேரு மெட்டுப் போட்டாங்களோ! அதுல ஒண்ணு எனக்கே தெரியாம என் மண்டைக்குள்ளார வந்து உக்காந்திருந்தா? நான் திருடன் ஆயிருவனுங்களே!"

அதனால் மெட்டு பிறந்ததும் மில் முழுக்கச் சுற்றுவார். எதிரே வருகிறவரை நிறுத்தி முனகிக் காட்டி, "ஏனுங்க, இது எங்கியாச்சும் கேட்டாப்பல இருக்குதுங்களா?" என்பார். பெயர் வந்தது அப்படித்தான்.

இதில் ஒரு சிக்கல். எங்கள் பக்கத்தில் பெரியவர் ஒருவர் ஆசையாக ஒன்றைக் கேட்டால், 'இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் மனசு வராது. குறிப்பாக கேண்டீன் மாஸ்டர். வடைச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கி, "ஆமாங்க சார், கேட்டாப்பலதானுங்க இருக்குது," என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார். அவ்வளவுதான், அந்த மெட்டுக்கு அன்றைக்கே காரியம் முடிந்தது. நல்ல நல்ல மெட்டெல்லாம் அந்த மரியாதையில் செத்தன.

அந்த வருடம் ராணி வேஷம் எனக்கு. போருக்குப் போகும் மகனை ராணி வழியனுப்பும் பாட்டுதான் நாடகத்துக்கே உயிர். மேனேஜர் வேறு, "இந்தத் தடவையும் சனம் கொட்டாவி விட்டா அடுத்த வருசம் நாடகம் கெடையாது, ஆர்கெஸ்ட்ராதான்," என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து சாருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒண்டிப்புதூரிலிருந்து அவர் வரும் தனியார் பஸ்ஸில் சினிமாப் பாட்டு அலறும். அது உள்ளே புகுந்துவிடும் என்று மில் பஞ்சை இரண்டு காதிலும் திணித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். கண்டக்டர் கத்தியது கேட்காமல், சிங்காநல்லூரில் இறங்க வேண்டியவர் உக்கடத்தில் போய் இறங்கினார். ஸ்டோர்ஸ் வாசலில் பேரிங் கேட்டு வந்த ஃபிட்டர்கள் வரிசையாக நின்று அவரைத் திட்டினார்கள். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

பாட வேண்டியவள் நான். திங்கள்கிழமை கற்றுக்கொடுத்த மெட்டைப் புதன்கிழமை மறக்கச் சொல்வார். தூக்கத்தில்கூட நான் ஏதோ ஒரு மெட்டில் மகனைப் போருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருவழியாக விழாவுக்கு முந்தின வாரம் ஒரு மெட்டு நிலைத்தது.

விழா அன்று மாலை நான் கிரீடம் வைத்துக்கொண்டிருக்கும்போது சார் மேக்கப் ரூமுக்குள் ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மணி, அந்த மெட்டு வேண்டாமுங்க! இப்ப மொகம் கழுவறப்பத்தான் தெரிஞ்சுது. அது ஏதோ பழைய படத்துப் பாட்டுங்க!"

"ஐயோ சார்! அப்ப நான் என்னத்தைப் பாடறதுங்க?"

"பாடாதீங்க. சும்மா சொல்லிப்போடுங்க. நான் ஆர்மோனியத்துல பின்னாலயே வாரேன்."

மேடை ஏறினேன். எதிரே மில்லே உட்கார்ந்திருந்தது. முதல் அடியைச் சொல்லும்போதே பயத்தில் குரல் நடுங்கி மேலே போனது. ஹார்மோனியம் மெதுவாக அந்த நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது அடியில் குரல் உடைந்து கீழே விழுந்தது. ஹார்மோனியமும் கூடவே இறங்கியது. எங்கே மூச்சு வாங்கினேனோ அங்கே அவரும் நிறுத்தினார். நான் பேசினேனா பாடினேனா என்று எனக்கே தெரியவில்லை. முடியும்வரை ஒரு கொட்டாவிகூட இல்லை. பிறகு கைதட்டல் அடங்கவே இல்லை.

திரை விழுந்ததும் கேண்டீன் மாஸ்டர் மேடைக்குப் பின்னால் வந்து நின்றார். சாருக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏனுங்க மாஸ்டர், இது எங்கியாச்சும் கேட்டாப்பல இருந்துச்சுங்களா?"

"ஆமாங்க சார்," என்றார் மாஸ்டர். சார் ஹார்மோனியத்தைப் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் துண்டால் கண்ணைத் துடைத்தார். "எங்கண்ணன் பட்டாளத்துக்குப் போறப்ப எங்கம்மா வாசல்ல நின்னு இப்படித்தானுங்க பேசுச்சு. இதே கொரலுங்க."

சார் ஹார்மோனியத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு சிரித்தார். அந்த மனிதர் நிம்மதியாகச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அடுத்த வருடம் ஆர்கெஸ்ட்ரா பேச்சை மேனேஜர் எடுக்கவில்லை.

ஆனால் அந்த மெட்டு மேடையோடு போயிற்று. எனக்கும் ஞாபகமில்லை, அவருக்கும் ஞாபகமில்லை. டீ நேரம் ஆனால் என் மேஜைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். "அம்மணி, அந்த மூணாவது அடி எப்படிப் போச்சுங்க?" நான் ஏதோ பாடுவேன். "இல்லீங்க, அது இல்லீங்க," என்று தலையை ஆட்டிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போவார். கல்யாணமாகி நான் வெள்ளகோவில் போகும்வரை இது நடந்தது.

அந்த மெட்டு கிடைக்காமலே போகட்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டது அவருக்குத் தெரியாது. கிடைத்துவிட்டால் அப்புறம் எதற்கு வந்து உட்காரப் போகிறார்?