அக்கரைக்குப் போகாத வரிசை

ஒரு காட்டில் செல்போன் கோபுரம் ஒன்று முளைத்தது. அன்றிலிருந்து சிங்கம் வேட்டைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டது, மான் ஓடுவதைக் குறைத்துக்கொண்டது. இரண்டும் தத்தம் புதரில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தன. காட்டில் அமைதி நிலவியது என்று சொல்வார்களே, அது அங்கே இப்படித்தான் நிலவியது.

கோபுரத்துக்குக் கீழே ஒரு வளையில் சுருளியப்பன் என்றோர் அழுங்கு வசித்தான். அழுங்கைப் பார்த்திராதவர்கள் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளலாம்: உடம்பு முழுக்க ஓடு வேய்ந்தது போலச் செதில், நீள நாக்கு, எறும்புதான் சாப்பாடு. பயம் வந்தால் ஓடாது, கடிக்காது. பந்தாகச் சுருண்டுகொள்ளும். அப்புறம் புலியே வந்து உருட்டினாலும் திறக்காது.

சுருளியப்பன் புலிக்கு மட்டும் சுருண்டிருந்தால் தொல்லையில்லை. "சௌக்கியமா?" என்று கேட்டாலும் சுருண்டான். என்ன பதில் சொல்லலாம் என்று உள்ளேயே யோசித்து, ஒரு வழியாக நிமிர்ந்து பார்த்தால் கேட்டவர் எப்போதோ போயிருப்பார். "நல்ல சௌக்கியங்க" என்று எதிரிலிருந்த புதரிடம் சொல்லிவிட்டு வளைக்குள் இறங்குவான். பாவம், அவனுக்குப் பேச ஆசைதான்.

இப்பேர்ப்பட்டவன் ஓர் ஆன்லைன் விளையாட்டைச் செய்தான். பெயர் 'அக்கரை'. வெள்ளம் புரளும் ஓர் ஆறு, அதன் மேல் ஒரு மரப்பாலம். ஆடுகிற எல்லோரும் ஒருவர் வாலை ஒருவர் பிடித்துக்கொண்டு மொத்தமாகக் கடக்க வேண்டும். தனியாகக் கடக்க யாராலும் முடியாது. தனியாகவே கிடக்கிறவனுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். பெரிய கம்பெனி எதுவும் அவனுக்குப் பின்னால் இல்லை. என்றாவது ஒரு நாள் இந்தக் காடு மொத்தமும் அந்தப் பாலத்தில் நடக்க வேண்டும், கூட்டத்துக்கு நடுவில் தானும் எவர் வாலையாவது பிடித்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

அவனுக்கு இரண்டு பேர் கூட்டு. படம் வரைவது தேவாங்கு நல்லதம்பி. ஓர் இலையை வரைந்து முடிக்க ஒரு பருவம் எடுத்துக்கொள்வான், ஆனால் முடித்தபின் வெட்டுக்கிளி வந்து திரையைக் கடிக்கும். விளம்பரம் பார்ப்பது கீரி வெள்ளத்தாய். அவள் வாயைத் திறந்தால் காடு முழுக்கக் கேட்கும், மூடி யாரும் பார்த்ததில்லை.

"தை பொறந்ததும் வெளியிடுறோம்!" என்று வெள்ளத்தாய் ஒரு நாள் மரத்துக்கு மரம் சொல்லிவிட்டு வந்தாள். சுருளியப்பனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுருண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

மார்கழிக் கடைசியில் பொம்மைகளை நடத்திப் பார்த்தபோது ஒரு கோளாறு தெரிந்தது. பாலத்தில் முயல் நடந்தது, மான் நடந்தது, கரடி நடந்தது. யானை கால் வைத்ததும் பாலத்தைத் துளைத்துக்கொண்டு கீழே போனது. ஆற்றிலும் விழவில்லை. ஆற்றுக்கும் கீழே, படமே வரையாத வெள்ளை வெளியில் போய் நின்று தும்பிக்கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"தள்ளிப் போடுவோம்ணே," என்றான் நல்லதம்பி. "இத இப்படியே விட்டா நம்ம மானம் போயிரும். எனக்கும் இன்னும் நாணல் வரைய வேண்டியிருக்கு."

"ஒங்க நாணலுக்காகக் காடே காத்திருக்குமாக்கும்!" என்று வெள்ளத்தாய் சீறினாள். "சொன்ன தேதிக்கு விட்டாத்தான் மரியாதை. யானைங்க மட்டும் இப்போதைக்கு வராதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருவோம்."

"யானைகிட்டப் போயி அத யாரு சொல்றது?"

இருவரும் சுருளியப்பனைப் பார்த்தார்கள். "நீங்க சொல்லுங்கண்ணே. விடுறதா, தள்ளிப் போடுறதா?"

அண்ணன் சுருண்டுவிட்டார்.

கேள்வி கொஞ்சம் பெரிய கேள்வி என்பதால் இந்தச் சுருளலும் பெரிதாக அமைந்துவிட்டது. அவன் உள்ளேயே இருந்து இரண்டு பக்கத்து நியாயத்தையும் அலசினான். அலசி முடித்து, 'தள்ளிப் போடுவோம், ஆனால் எல்லோரிடமும் முறையாகச் சொல்லிவிடுவோம்' என்று அருமையான முடிவுக்கு வந்து நிமிர்ந்தபோது தை பிறந்திருந்தது. செல்போனில் காடே கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

அவசரத்துக்கு என்ன செய்வது? ஒரு காத்திருப்புப் பக்கத்தைக் கட்டி விளையாட்டின் வாசலில் நிறுத்தினான். பெரிய வேலை ஒன்றுமில்லை, பக்கத்துப் புற்றைத் தின்று முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. வருகிறவர்களுக்கு ஒரு டோக்கன் எண். அவரவர் பொம்மை வரிசையில் நிற்கும். முன்னால் ஆள் நகர்ந்தால் பின்னால் இருப்பது ஓர் அடி நகரும். பக்கத்தில் நிற்பவரோடு பேசலாம். அவ்வளவுதான். யாராவது செல்போனை வைத்துவிட்டுப் போனால் அந்த இடத்தில் என்ன காட்டுவது என்று அவன் யோசிக்கவில்லை. கையில் அகப்பட்ட ஒரு படத்தைப் போட்டுவைத்தான். கேலிக்காக நல்லதம்பி வரைந்த படம் அது, சுருண்டு கிடக்கும் சுருளியப்பன். பார்க்கச் சாம்பல் நிற உருண்டை. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

முதலில் வசவுதான் வந்தது. "எவன்டா இது, வாசல்லயே நிக்க வெச்சுட்டான்!" என்று கரடி மாசிலாமணி கத்தினார். அவர்தான் வரிசையில் முதல் ஆள். அவருக்குப் பின்னால் நின்ற காட்டுப்பன்றி அங்கம்மா குட்டிகளுக்குக் கிழங்கு தோண்டிக் கொடுக்கச் செல்போனைக் கீழே வைத்தாள். அவள் இருந்த இடத்தில் சாம்பல் உருண்டை தோன்றியது. அடுத்திருந்த முயல் அதைப் பார்த்தது.

"அக்கா கல்லு வெச்சுட்டுப் போயிருக்கு," என்றது.

ரேஷன் கடையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் நின்று பழகியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கல் வைத்தால் இடம் அவருடையது. சிங்கம் அந்தக் கல்லைத் தாண்டி முன்னேறப் பார்த்தபோது முயலே எதிர்த்துப் பேசியது. "சாமி, அங்க கல்லு இருக்குல்ல? கண்ணு தெரியலயா? பின்னாடி போங்க."

சிங்கம் பின்னால் போனது. காட்டில் சட்டத்துக்குச் சிங்கம் கட்டுப்பட்டதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

அப்புறம் வரிசை களைகட்டிவிட்டது. விடிந்ததும் வந்து நிற்பார்கள். "நேத்து நான் போனப்பறம் என்ன நடந்துச்சு?" என்று ஆரம்பிப்பார்கள். யார் யாருடைய கல்லை நகர்த்தினார், மயில் ஏன் தன் எண்ணை மைத்துனிக்கு மாற்றிக் கொடுத்தது என்று பஞ்சாயத்து நடக்கும். வரிசையில் பார்த்துப் பழகி ஒரு மைனா ஜோடிக்குக் கல்யாணமே நிச்சயமானது. மாசிலாமணிக்குத்தான் யோகம். எந்த விசேஷத்துக்குப் போனாலும் "வரிசையில மொத ஆளு வந்துட்டாரு" என்று தேன் தட்டோடு வரவேற்றார்கள். அதுவரை அவரை யாரும் கரடி என்பதற்கு மேல் மதித்ததில்லை.

சுருளியப்பன் இதையெல்லாம் கவனிக்கவில்லை. 'இத்தனை பேர் நமக்காக நிற்கிறார்களே' என்று உருகி உருகி வேலை செய்தான். பாலத்துக்கு அடியில் ஒவ்வொரு பலகையாகப் பார்த்தான். கடைசியில் யானைக் கூட்டமே ஏறிக் குதித்தாலும் அசையாத பாலமாகிவிட்டது.

"முடிஞ்சிருச்சு! தொறந்துரலாம்!" என்றான். பேசும்போது சுருளக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

வெள்ளத்தாய்க்கு முகம் வாடிவிட்டது. "என்னண்ணே இப்பப் போயி? இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுவோம். வெளியீடு எப்போன்னு கேக்குறதுக்கே காடு காடா ஆளு வருது. விட்டுட்டா அப்பறம் என்னத்தக் கேப்பாங்க?"

"நாணல் வரைஞ்சு முடிச்சுட்டேன்," என்றான் நல்லதம்பி. "யாராவது பாத்தாத் தேவல."

"சொன்ன தேதிக்கு விட்டாத்தான் மரியாதைன்னு நீதான சொன்ன?" என்று சுருளியப்பன் அவளைக் கேட்டான்.

"அது சொன்ன தேதிண்ணே. அதுதான் போயிருச்சே!"

சுருளியப்பன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுருளாமல் ஒரு முடிவெடுத்தான். கதவைத் திறந்துவிட்டான். தனக்கும் ஒரு பொம்மை வைத்துக்கொண்டு, செல்போனை நெஞ்சோடு பிடித்தபடி, பெயர் சொல்லாமல் கூட்டத்தோடு உள்ளே போனான்.

உள்ளே மழை விட்ட ஈரத்தில் நாணல் அசைந்தது. ஆறு நுரைத்தது. பாலம் நின்றது. விலங்குகள் சுற்றுமுற்றும் பார்த்தன.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் மாசிலாமணி, இழவு வீட்டுக்கு வந்தவர் குரலில். "எனக்குப் பின்னாடி நின்ன பன்னியம்மா எங்க?"

"இந்தா இங்கதான் இருக்கேன். என் நம்பரக் காணமே!"

"யாரு மொதல்ல, யாரு அடுத்து, ஒண்ணும் வெளங்கலயே," என்றது முயல். சிங்கம் தன் பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்த்து அது ஓர் அடி தள்ளி நின்றது. வரிசையில் சிங்கம் முயலுக்குப் பின்னால் நின்றது. இங்கே பின்னால், முன்னால் என்று எதுவும் இல்லை.

"அது ஒண்ணுமில்ல," என்று அங்கம்மா ஒரு யோசனை சொன்னாள். "பழையபடி நின்னுக்குவோம்."

ஆற்றங்கரையில் வரிசை கட்டிவிட்டார்கள். மாசிலாமணி பாலத்துக்கு எதிரில் முதலாவதாக நின்றார். நின்றவர் காலைத் தூக்கவில்லை. அந்தப் பக்கம் போனால் அப்புறம் அவர் யார்? வெறும் கரடி. "வெளியிட்டவங்க யாரா இருந்தாலும் சொல்றேன்," என்று ஆற்றைப் பார்த்துச் சொன்னார், "அவசரப்பட்டுட்டீங்க தம்பி. இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போட்டிருக்கலாம்." வரிசை முழுக்க ஆமாம் போட்டது. யானைகள் பலமாக ஆமாம் போட்டன.

யாருக்காக அந்தப் பாலத்தைச் சரிசெய்தானோ, அந்த யானைகள்! ஒருவர் வாலை ஒருவர் பிடிக்கவில்லை. ஒரு பலகையில் ஒரு குளம்பு படவில்லை. சுருளியப்பன் சுருண்டான். இனி எழுந்திருக்கவே வேண்டாம் என்பது போலச் சுருண்டான். சுருண்ட வேகத்தில் செல்போனும் உள்ளே மாட்டிக்கொண்டது. வரிசையில் அவன் பொம்மை நின்ற இடத்தில் சாம்பல் உருண்டை தோன்றியது.

வழக்கமாகச் சுருண்டால் அவனுக்கு வெளியுலகம் கேட்காது. இப்போது வெளியுலகம் அவன் வயிற்றுக்குள்ளிருந்து பேசியது.

"இங்க ஒரு கல்லு கெடக்கு பாரு," என்றது முயல். "யாரோடது?"

"தெரியல. புதுசா இருக்கு," என்றது ஒரு மான். "ஆளு வராது. ஓரமாத் தள்ளிட்டு முன்னாடி வா."

"தொடாத!" அது அங்கம்மாவின் குரல். "யாரோடதா இருந்தா ஒனக்கென்ன? கல்லு வெச்சிருக்குன்னா வருவாங்கன்னு அர்த்தம். என்ன அவசரமோ, என்ன கஷ்டமோ. வர்றப்ப வரட்டும்."

அதற்குள் விளையாட்டில் ஆற்று வெள்ளம் ஏறியது. கரை முழுகியது. வரிசை மொத்தமும் மேட்டை நோக்கிப் பின்வாங்கியது. கல்லை யாரும் விட்டுவிட்டுப் போகவில்லை. அங்கம்மா மூக்கால் மெல்ல உருட்டினாள். சிங்கம் பாதத்தால் முட்டுக் கொடுத்தது. மேட்டில் ஏறியதும் முயலுக்கும் மானுக்கும் நடுவில், இருந்த அதே இடத்தில், கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

எத்தனையோ பேர் சுருளியப்பனை உருட்டிப் பார்த்திருக்கிறார்கள். நனையாமல் இருக்கட்டும் என்று உருட்டியவர் அதுவரை இல்லை. சுருளுக்குள்ளே அவன் அழுதுவிட்டான். பிறகு, பதிலை யோசிக்காமலேயே நிமிர்ந்தான்.

கல் இருந்த இடத்தில் ஓர் அழுங்கு நின்றது.

"வந்துட்டீங்களா!" என்றாள் அங்கம்மா. "எங்க போயிட்டீங்க இம்புட்டு நேரம்?"

"இங்கதான் இருந்தேன்," என்றான் சுருளியப்பன்.

"எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க," என்றது மான். எல்லோரும் சிரித்தார்கள். "சரி, சௌக்கியமா?" என்று முயல் கேட்டது.

"நல்ல சௌக்கியங்க," என்றான். கேட்டவர் அங்கேயே இருந்தார்.

மறுநாள் அறிவிப்பு வந்தது: தவிர்க்க முடியாத காரணங்களால் அக்கரை தள்ளிப் போகிறது. காடு கொண்டாடியது. மாசிலாமணிக்கு மாலை விழுந்தது. பக்கத்துக் காடுகளிலிருந்தும் கல்லோடு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். வெளியீடு எப்போது என்று வெள்ளத்தாய் நிருபர்களுக்கு முன்னால் அண்ணனைக் கேட்பாள், "ஏற்பாடு நடக்குது" என்று சுருளியப்பன் கணீரென்று சொல்வான். இப்போதெல்லாம் அவன் சுருளுவதே அபூர்வம்.

வரிசையில் பேச்சு ஓய்ந்த நேரங்களில் அவன் அந்தப் பாலத்தைப் பார்ப்பதுண்டு. அழகான பாலம். அதில் நடக்க அவனுக்கு இன்னமும் ஆசைதான். ஆனால் போனால் இடம் போய்விடுமே.

நீதி: வாசலில் வரிசை நன்றாக இருக்கும்போது கதவைத் திறந்து தொலைக்காதீர்கள். உள்ளே ஒன்றுமில்லை என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்; உள்ளே நன்றாக இருந்துவிட்டால்தான் வம்பு.