எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டி

"இந்தத் தெருவுல குப்பைத்தொட்டியைச் சோப்பு போட்டுக் கழுவுறாங்க!"

ஜன்னல் திரையின் இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு டிரில் மாஸ்டர் சொன்னார்.

"கழுவினா கழுவட்டும். நீங்க வாயைத் திறக்காம இருங்க" என்றாள் மனைவி.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தண்ணீர்க் குழாய், வண்டி நிறுத்தும் இடம், பக்கத்து வீட்டு ரேடியோ என்று குடியிருந்த தெருவிலெல்லாம் சண்டை வளர்த்தவர் மாஸ்டர். சாமான்களை மூட்டை கட்டிக் கட்டி அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது.

"இதுதான் கடைசி வீடு. இங்கேயும் யாரோடயாவது மல்லுக்கு நின்னீங்கன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்று லாரியில் வரும்போதே சொல்லிவிட்டாள். கும்பிடு போடலாம், பேசக்கூடாது என்பது ஒப்பந்தம். அவள் சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாவிட்டால் மாஸ்டருக்குத் தன் மூக்குக்கண்ணாடி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

எனவே தெரு வழக்கத்தை வாய் பேசாமல் பார்த்தே கற்றுக்கொள்வதென்று முடிவு செய்தார். குரு, எதிர்வீட்டு மீசைக்காரர். தனி ஆள், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். காலமெல்லாம் தன்னைப் பார்த்துப் பிள்ளைகளைக் கை கால் தூக்க வைத்த மாஸ்டர், முதல்முறையாக இன்னொருவரைப் பார்த்துத் தூக்க ஆரம்பித்தார்.

தொட்டியைக் கழுவினார். ஈரம் வடியட்டும் என்று கேட் தூணின்மேல் கவிழ்த்தார். மறுநாள் எதிர்த்தூணிலும் தொட்டி கவிழ்ந்திருந்தது.

"பாஸாயிட்டேன்!" என்று மனைவியிடம் ஓடினார். "தலையை ஆட்டிச் சொல்லாம, தானும் கவிழ்த்துச் சொல்றாரு பாரு. எவ்வளவு நாசூக்கு!"

பீரோவை இறக்கும்போது மாஸ்டருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. தலையைத் தோளில் சாய்த்துத்தான் கும்பிட முடிந்தது. அடுத்த நாளே மீசைக்காரரும் தலையைச் சாய்த்துக் கும்பிட்டார்.

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்குக் கழுத்து வலின்னு தெரிஞ்சு, நான் கூச்சப்படக்கூடாதுன்னு தானும் சாய்ச்சுக்கறாரு. இப்படி ஒரு மனுஷனை நான் பார்த்ததே இல்லை."

இரண்டே நாளில் கழுத்து சரியாகிவிட்டது. ஆனால் அவ்வளவு பெரிய மனிதர் சாய்ந்து நிற்க, தான் விறைப்பாக நிற்பதா? தொடர்ந்து சாய்த்தார். போன வலி திரும்பி வந்தது.

அப்புறம் மாஸ்டர் தொட்டியின் ஈரத்தைக் கையால் வழித்தார்; அதைப் பார்த்து மீசைக்காரர் துண்டால் துடைத்தார். மாஸ்டர் பீரோவிலிருந்து புதுத் துண்டை உருவினார். தேய்த்த தேய்ப்பில் தொட்டியின் சாயம் போகவே நீல பெயின்ட் அடித்தார். மாலைக்குள் எதிர்த்தொட்டி பச்சையாகப் பளபளத்தது.

அன்று மனைவி கத்தரிக்காய்க் காம்புகளோடு வந்தாள்.

"அதுல போடாதே!" மாஸ்டர் தொட்டியைக் கட்டிக்கொள்ளாத குறை. "பெயின்ட் காயலை."

"குப்பைத்தொட்டியில குப்பை போடாம எதைப் போடறது?"

"அவர் தொட்டியைப் பாரு, உள்ளே தூசி இருக்கா?"

காம்புகள் குளியல் வாளிக்குப் போயின. வாளி நிரம்பியதும் குளியல் தண்ணீர் சமையல் அண்டாவுக்கு வந்தது. அண்டா போனதால் குக்கரில் குடிநீர். குக்கர் போனதால் சமையல் நின்றது. ஐந்தாம் நாள் வீட்டுக்குள் ஈக்கள் குடித்தனம் வந்தன.

மனைவி கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தாள்.

"நான்தான் யாரோடயும் சண்டையே போடலியே!" மாஸ்டர் பதறிவிட்டார்.

"போட்டிருக்கலாம். வீட்டுல குப்பையாவது இருந்திருக்காது. நாளைக்கு வண்டி வந்ததும் இது வெளியே போகணும். இல்லைன்னா நான் போறேன்."

மறுநாள், பத்து நாளுக்கு ஒருமுறை வரும் குப்பை வண்டி தெருவுக்குள் நுழைந்தது. மாஸ்டர் நீலத் தொட்டியின் பக்கத்தில் விறைப்பாக நின்றார். எதிரே மீசைக்காரர், பச்சைத் தொட்டியின் பக்கத்தில் அதே விறைப்பில். இருவர் தலைகளும் தோளில் சாய்ந்திருந்தன. மாஸ்டரின் மனைவி வாளியும் பெட்டியுமாக வாசற்படியில் நின்றாள்.

வண்டிக்காரப் பெண் முதலில் எதிர்வீட்டில் நின்று என்னவோ பேசினாள். பிறகு இந்தப் பக்கம் வந்து நீலத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். தன் முகம்தான் தெரிந்தது.

"குப்பை எங்க சார்?"

மாஸ்டர் ஒப்பந்தத்தை மீறி முணுமுணுத்தார். "மெதுவாப் பேசும்மா. தெரு வழக்கம் தெரியாதா? அவரைப் பாரு, எப்பேர்ப்பட்ட மனுஷன்! அவரைப் பார்த்துத்தான் நான் ஒவ்வொண்ணா கத்துக்கறேன்."

அவள் அந்தத் தலையைப் பார்த்தாள், இந்தத் தலையைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவரு உங்களுக்கு முந்தின நாள்தான் சார் குடிவந்தாரு. பழைய ஆளு விட்டுட்டுப் போன தொட்டி நாறுதுன்னு ஒரே ஒரு தடவை கழுவினாராம். மத்ததெல்லாம் உங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டதாம். கழுத்து ரொம்ப வலிக்குதாம். எப்ப நிமிரலாம்னு உங்களைக் கேட்டுட்டு வரச் சொன்னாரு."