கத்திரியக்காவும் கோணல் பட்டியும்

மலையாளச் சீமையில் தமிழ் பேசும் எங்கள் பெருமாட்டிப் பக்கம் ஆணாய்ப் பிறந்த எவரும் கத்திரியக்காவின் முன்னால் சட்டையோடு நிம்மதியாக நின்றதில்லை. கோணல் தையலைக் கண்டால் அந்த அம்மாளுக்குப் பொறுக்காது. இடுப்பில் செருகிய கத்திரியை உருவிவிடுவார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தோள் தையல் இறங்கியிருக்கிறதென்று மேளத்தையே நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க மாப்பளை, கொஞ்சம் கழட்டிக் குடுங்க. இந்தத் தோளோட தாலி கட்டுனா ஆகுமுங்களா?"

பிரித்துத் தைத்துப் போட்டபிறகுதான் தாலி ஏறியது. நல்லவேளை, முகூர்த்தம் தப்பவில்லை.

இந்த அக்காதான் கதியற்ற பெண்கள் ஐந்து பேரை ஒரு பழைய நெல் கிட்டங்கியில் கூட்டி, ஒரே மிஷினை வைத்துத் தையல் சொல்லிக்கொடுத்தார். பழகத் துணிக்கு எங்கே போவது? வாழையிலையில் தைக்கச் சொன்னார். இலை கிழியாமல் தைப்பவளுக்குத்தான் துணி. அந்த ஐவரில் ஒருத்தியான நான் ஒரு தோப்பையே கிழித்தேன்.

அப்பா அம்மா இல்லாத என்னைக் கங்காணியோடு தேயிலை மலைக்கு அனுப்பச் சித்தப்பா முடிவு செய்திருந்தார். முன்பே போன என் கூடப்பிறந்தவள் காய்ச்சலில் அங்கேயே போய்ச்சேர்ந்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கும் சர்க்கார் வேலை எங்களுக்குக் கிடைத்தால் நான் தப்பலாம். அதற்குச் சித்தூர் அதிகாரி வந்து பார்த்துச் சம்மதிக்க வேண்டும்.

வந்தார். மலையாளி. அவர் வாசலில் வந்து நின்றதை அக்கா கவனிக்கவில்லை. சட்டையில் பொத்தான் வைக்கிற பட்டியை நான் தைத்துக்கொண்டிருந்தேன்.

"பட்டி கோணையா நிக்குது பாரு! நாலு தட்டுத் தட்டி உக்கார வை!" என்று கத்தினார் அக்கா.

மலையாளத்தில் பட்டி என்றால் நாய். அக்காவுக்கும் அது தெரியும்தான், ஆனால் தைக்கும்போது அவருக்குத் தையலைத் தவிர வேறு பாஷை ஞாபகம் வராது. தன்னைத்தான் நாய் என்கிறார் என்று அதிகாரியின் முகம் சிவந்தது.

"ஆரெயாணு பட்டின்னு விளிச்சது?"

வேறு யாராவது என்றால் காலில் விழுந்திருப்பார்கள். அக்கா திரும்பி அவர் நெஞ்சையே உற்றுப் பார்த்தார்.

"அட, உங்க பட்டியும் கோணலுங்க! கழட்டுங்க."

ஒழிந்தது, எனக்கு மலைதான் என்று நினைத்தேன். அக்கா அவருடைய பொத்தான் வரிசையைச் சுட்டிக்காட்டினார். அவரும் குனிந்து பார்த்தார். எவனோ பாம்பு மாதிரி நெளித்துத் தைத்திருந்தான். மனிதர் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனோடு நின்றார். அக்கா அதை என் மடியில் போட்டார்.

"நீயே தையி புள்ள."

எப்படியோ பிரித்துத் தைத்தேன். அவர் மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார்.

"பட்டி நன்னாயிட்டுண்டு!" என்று சிரித்தார். வேலையை எங்களுக்கே எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் கங்காணி என்னைக் கூட்டிப்போக வந்தபோது, எங்கள் வீட்டு வாசலை மறித்துக்கொண்டு அக்கா நின்றார்.

"இந்தப் புள்ளைக்கு இங்க வேலை கெடக்குதுங்க. இவ இல்லாம எனக்கு ஆகாது" என்றார் சித்தப்பாவிடம். அவர் கங்காணியைத் திருப்பி அனுப்பினார்.

நான் இல்லாவிட்டாலும் அக்காவுக்கு எல்லாம் ஆகியிருக்கும். சித்தப்பாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் தேம்பித் தேம்பி அழுதேன்.