பூச்சுக்கு முன் ஒரு வார்த்தை

உலகத்தில் காரியம் செய்பவர்கள் இருக்கிறார்கள், செய்யாதவர்களும் இருக்கிறார்கள். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. "எதுக்கும் இன்னொருத்தரையும் கேட்டுடலாம்" என்பதை வைத்து அதை அடையாளம் கண்டுகொள்ளலாம். செருப்பு வாங்கப் போனால் கடைக்கு வந்திருக்கும் முன்பின் தெரியாதவரிடம் காலை நீட்டிக் காட்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை சரிதானா என்று மருந்துக்கடைக்காரரிடம் விசாரித்து, அவர் சொன்னது சரிதானா என்று வாசலில் நிற்பவரிடமும் விசாரித்து, வீட்டுக்கு வந்து மாத்திரையைப் போடாமல் படுத்துக்கொள்ளும். யாருக்கும் தீங்கு நினைக்காத இனம்தான். அதனிடம் ஒரு காரும் ஒரு தேதியும் சிக்காதவரை.

நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் இரண்டும் சிக்கின.

கார் பழையது, இரண்டே கதவு, வேகத்துக்கென்றே செய்தது. மகள் பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்து அப்பாவும் மகளுமாகக் கொட்டகையில் வைத்து அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு வெளியே பயன்படாமல் கிடக்கும் விமான ஓடுதளத்தை வேகக் கார்க்காரர்களுக்காக வருஷத்தில் அன்று ஒருநாள் திறந்துவிடுவார்கள். அதற்கு அடுத்த வாரம் மகள் வேலைக்காகத் தூரதேசம் போகிறாள். "அன்னிக்கு ஸ்டீயரிங் உன் கையில" என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். கொடுக்கலாமா என்று தெரு முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

எல்லாம் தயார். எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்க்கொத்து, ஹெடர் என்பார்கள், அது மட்டும் மாட்ட வேண்டும். புதுசு, பளபளவென்ற வெறும் இரும்பு. மெக்கானிக் போகிற போக்கில் கேட்டார்: "அப்படியே மாட்டிடவா, இல்ல செராமிக் பூச்சு குடுத்துட்டு மாட்டவா?"

அதைக் கேட்டதற்காக அவர் இன்றைக்கும் வருத்தப்படுகிறார்.

பூசினால் சூடு உள்ளேயே நிற்கும், புகை விரைந்து போகும், துருப் பிடிக்காது என்றார் ஒருவர். புதுசாகக் கட்டிய எஞ்சினை முதலில் ஓடவிடும்போது சூடு ஏறிப் பூச்சு பாழாகிவிடும், அப்புறம் பூசுங்கள் என்றார் இன்னொருவர். பூச்சே வேண்டாம், சூடு தாங்கும் துணிப் பட்டையைச் சுற்றுங்கள் என்றார் மைத்துனர். பட்டை ஈரத்தைப் பிடித்துவைத்துக் குழாயைத் தின்றுவிடும் என்றார் மைத்துனரைப் பிடிக்காத ஒருவர். நம்மவர் எல்லோரிடமும் "அதுவும் சரிதான்" என்றார். எல்லாமே சரியாகத்தான் இருந்தது, அதுதான் வினை.

குழாயைத் துண்டில் சுற்றிக் கடைக்கே கொண்டுவந்துவிட்டார்.

"வலது கண்ணுல இது தெளிவா, அது தெளிவா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"சரி. இந்தக் குழாய்க்குப் பூசலாமா, வேண்டாமா?"

"நான் பல் டாக்டருங்க."

"பரவாயில்ல, கையில வாங்கிப் பார்த்துட்டு சொல்லுங்க."

கையில் வாங்காமல் கருத்துச் சொல்ல நம்மில் யாருக்கு வருகிறது? பல் டாக்டர் உள்ளே எட்டிப் பார்த்தார். தபால்காரர் தட்டிப் பார்த்தார். மைத்துனர் ஊதியே பார்த்தார்.

"முடிவு பண்ணிட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னு சொல்லித்தான் நம்ம கல்யாணமே ரெண்டு தடவை தள்ளிப்போச்சு."

ஒரு சாயங்காலம் மகள் குழாயை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "மாட்டிடலாம்பா. ஒருநாள் ஓடட்டும். அப்புறம் கழட்டி நிதானமா பூசிக்கலாம்." வந்த கருத்துகளிலேயே உருப்படியானது அதுதான் என்று அவருக்கே பட்டது. "நல்ல யோசனைம்மா" என்றார். "மாமாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

அந்த மாமா, அதாவது மைத்துனர், வெளியூர் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் சனிக்கிழமை மெக்கானிக் கடையைப் பூட்டிவிட்டார்.

ஞாயிறு காலையில் ஓடுதளத்துச் சத்தம் காற்றோடு வீடுவரை வந்தது. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த மகள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். திட்டியிருந்தாலாவது, திட்டியது நியாயமா என்று நாலு பேரிடம் கேட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பார்.

மகளை வாடகைக் காரில்தான் வழியனுப்பக் கூட்டிப்போனார். டிரைவரிடம், "உங்க வண்டிக் குழாய்க்குப் பூசியிருக்கா?" என்று பாதிவழியில் கேட்டார். "எதுக்குங்க?" என்றார் டிரைவர். இறங்கும்போது மகள், "அடுத்த வருஷம் ஓட்டலாம்பா" என்றாள். "கண்டிப்பா" என்றார். யாரையும் கேட்காமல் அவர் வாயிலிருந்து வந்த சொல் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து துண்டைப் பிரித்தார். குழாய் முழுக்கப் பழுப்பாக விரல் அடையாளங்கள். வெறும் இரும்பில் வியர்வை பட்டால் துருவேறும். கருத்துச் சொன்னவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பல் டாக்டரின் நுனிவிரல், மைத்துனரின் முழுப்பிடி, எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய சொந்த விரல்கள். வளைவுக்குப் பக்கத்தில் மெலிசாக ஒரு கட்டைவிரல். யாருடையது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாளே பூச்சுப் பட்டறைக்குப் போனார். முடிவோடு போனார்.

"மணல் அடிச்சு சுத்தம் பண்ணிட்டுத்தான் பூசுவோம். துரு எல்லாம் போயிடும்" என்றார் பட்டறைக்காரர்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

குழாயைத் துண்டில் சுற்றிக்கொண்டு திரும்பிவிட்டார். இப்போது அது கடையில், கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. கேள்வி மட்டும் மாறிவிட்டது: மணல் அடிக்கலாமா, வேண்டாமா? நீங்கள் போனால் உங்களையும் கேட்பார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தக் கட்டைவிரல் மேல் மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு மீதிக்கு மணல் அடிக்கலாமே என்று சற்றுமுன் உங்களுக்கு ஒரு யோசனை ஓடியதா, இல்லையா? ஓடியிருந்தால், அதை அவரிடம் சொல்லப் புறப்படுவதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்குள் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். உள்ளே யாரோ ஜன்னலைச் சாத்துகிறார்கள்.